ஏர்லிண்டா அத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மலையும்

ஏர்லிண்டா அத்தைக்குப் பயமில்லாதது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், நான். மற்றபடி காற்றுக்குப் பயம், இடிக்குப் பயம், படுத்துக் கிடக்கிற நாய்க்குப் பயம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் திடீரென்று நின்று வீடு அமைதியானால் அதற்கும் பயம்.

எங்கள் பொவாலோ ஊரின் கடைசி வீடு அத்தையுடையது. அதைத் தாண்டினால் ஒரு முள்வேலி. வேலியைத் தாண்டினால் புல். புல்லைத் தாண்டினால் யங்கனாத்தெஸ் மலை. இவ்வளவு பயந்தவள் போயும் போயும் இங்கேயா சாப்பாட்டுக் கடை வைப்பாள் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வேற எங்க வச்சாலும் அந்த மலை என் முதுகுக்குப் பின்னாடி இருக்கும்டி. இங்கன்னா கண்ணு முன்னாடி இருக்கு," என்றாள்.

மலைக்குள் தங்கம் இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. வெள்ளைக்காரன் எங்கள் இன்கா ராஜாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு அறை நிறையத் தங்கம் கொடுத்தால் விடுகிறேன் என்றான். தங்கம் வந்துகொண்டிருக்கும்போதே ராஜாவைக் கொன்றும் விட்டான். ராஜாவின் தளபதி ருமிஞாவி அத்தனை சுமையையும் அப்படியே திருப்பி, எங்கள் மலைக்குள் கொண்டுபோய் ஏதோ ஓர் ஏரியில் கொட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் தூங்காமல் கேட்ட பாடம் இது ஒன்றுதான். அன்றிலிருந்து இன்றுவரை ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கயிறு, கூடாரம், ஏதாவது ஒரு பழைய வரைபடம், புது பூட்ஸ். எல்லோரும் கடைசியாகச் சூடாகச் சாப்பிடுவது அத்தை கடையில்தான். உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றிக்கொண்டே அத்தை, "உங்களுக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்பாள். இருக்கிறார்கள் என்றால், "பாவம்," என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு.

புத்தாண்டு பிறந்ததும் எங்கள் பக்கத்தில் பிசாசு ஆட்டம் நடக்கும். கொம்பு வைத்த முகமூடி, சவுக்கு, கையில் காய்ந்த மிளகாய் என்று ஊரே பிசாசாகி பில்யாரோ நகரக் கடைத்தெருவுக்கு இறங்கும். ஒரு வருஷம் நான் நிஜப் பன்றிப்பல் பதித்த முகமூடியை மாட்டிக்கொண்டு, அத்தையின் சோள மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுந்தேன். அவள் கத்தவில்லை. கரண்டியால் ஒன்று போட்டாள், முகமூடியின் மூக்கு போய்விட்டது.

"பிசாசுன்னா எனக்குப் பயம்தான். ஆனா பிசாசு உன் செருப்பப் போட்டுட்டு வராது," என்றாள்.

எத்தனையோ விளையாட்டு அவளிடம் காட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் காட்டியதில்லை. மூடுபனி இறங்கும்போது வெளியே நின்றுகொண்டு, "ஏர்லிண்டா" என்று கூப்பிட்டதில்லை. எனக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. அது அவள் அப்பா போன வழி.

அவர் பெயர் நிக்கானோர். புதையல் தேடி வருகிறவர்களுக்கு மூட்டை தூக்கியவர். அத்தை அப்போது பால்பல் விழும் வயதுப் பிள்ளை. மலைமேல் ஒரு நடுப்பகலில் பனி மூடிக்கொண்டது. எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஏரிப் பக்கமிருந்து ஒரு குரல், "நிக்கானோர், கண்ணு, வா," என்றது. செத்துப்போன அவருடைய அம்மாவின் குரல். கூட இருந்தவர்களுக்கும் கேட்டது. அவர், "இதோ வரேம்மா," என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு எழுந்து போனார். பிறகு அவர் தொப்பி மட்டும் கிடைத்தது.

மலைக்குப் போனால் பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது என்பது எங்கள் ஊரில் முன்பே உள்ள கட்டுப்பாடுதான். கூப்பிடுவது மலையாக இருக்கலாம். மற்றவர்கள் அதை மழைக்குக் குடை எடுப்பதுபோல, ஞாபகம் வந்தால் வைத்துக்கொள்வார்கள். அத்தைக்கு அது வேதம்.

அவள் கட்டிக்கொண்டதும் ஒரு மூட்டை தூக்கியைத்தான். அப்தோன் மாமா சாதுவான மனிதர், பொய்ப்பல் கட்டியவர். அவருக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். அதனால் கல்யாணத்துக்கு முன்பே அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். அதோடு விடாமல் பயிற்சியும் கொடுத்தாள். சமையலறையிலிருந்து, "அப்தோன்" என்று கூப்பிடுவாள். அவர் வாயைத் திறந்தால் அன்றைக்குக் கறி கிடையாது. விசில் அடித்துப் பார்ப்பாள், அது குட்டிச்சாத்தான் அடிக்கிற விசில். மாட்டுக்கொம்பை ஊதிப் பார்ப்பாள், அது ருமிஞாவியின் செத்துப்போன படை ஊதுகிற கொம்பு. எதற்கும் அசையாத மனிதராக மாமாவை அவள் ஆக்கிவிட்டாள். பிறகு வீட்டில் அவர் பெயரைச் சொல்வதே நின்றுபோனது. "யோவ்" என்றால் மாமா, "ஏய்" என்றால் அத்தை. இப்படியே இருவரும் காலத்தை ஓட்டினார்கள்.

போன ஜனவரியில் பிசாசு ஆட்டம் முடிந்த கையோடு குவாயாகில் நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். ஆயுள் முழுக்க மற்றவர்கள் வாயில் தங்கம் வைத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மலையின் வாயிலிருந்து தங்கம் பிடுங்கக் கிளம்பிவிட்டார். கையில் ஒரு டிடெக்டர். அதை மண்ணுக்கு மேல் காட்டினால், அடியில் உலோகம் இருந்தால் கீச்கீச்சென்று கத்தும். அவருக்கு மூட்டை தூக்க மாமாவும், பக்கத்து வீட்டு எலிசேயோவும் போனார்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர்தான் வந்தார்கள்.

நான் கடையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். எலிசேயோ டாக்டரைத் தோளில் தாங்கியபடி உள்ளே வந்தான். டாக்டரின் உதடு நீலமாக இருந்தது. அத்தை அவர்களைப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் வரவில்லை.

"பனி மூடிடுச்சுக்கா," என்றான் எலிசேயோ. "டாக்டர் அந்தக் கருவிய முகட்டுல விட்டுட்டாரு. எடுத்துட்டு வரேன்னு உன் வீட்டுக்காரரு திரும்பிப் போனாரு. கூப்பிடு தூரம்தான். அதுக்குள்ள பனி. நாங்க கூப்பிட்டோம்."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

"எப்படின்னா? பேரச் சொல்லித்தான். அப்தோன், அப்தோன்னு தொண்ட கிழியக் கத்தினேன். விசில் அடிச்சேன். கொம்பு ஊதினேன். ஒரு சத்தமும் இல்ல. இவரு வேற வெறைச்சுட்டாரு, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இவரும் செத்துருவாரு. என்ன பண்ணச் சொல்றே?"

அத்தை கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவருக்குக் கேட்டிருக்கும்," என்றாள். "எல்லாம் கேட்டிருக்கும். அதனாலதான் பதில் வரல."

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. அந்த மனிதர் நம்பக்கூடிய சத்தம் ஒன்றைக்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினோம். பனி விலகினால்தான் ஏற முடியும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, மேலே பார்த்தால் மலையே இல்லை, வெறும் வெள்ளைதான் இருந்தது. அத்தை தலைவழியே மாட்டுகிற கம்பளிப் போன்ச்சோவை எடுத்து மாட்டினாள். வறுத்த பார்லி மாவையும் வெல்லத்தையும் பையில் போட்டாள். கோவேறு கழுதையை அவிழ்த்துக்கொண்டு வேலிக்கு வந்தவள், அங்கே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்த வேலியைத் தாண்டாதவள்.

"அக்கா, நீ இரு. நானும் இன்னும் ரெண்டு பேரும் போறோம்," என்றான் எலிசேயோ.

"நீங்க போய் என்ன பண்ணுவீங்க? பேரச் சொல்லிக் கத்துவீங்க." கரும்புச் சாராயத்தை மலைக்கென்று மண்ணில் கொஞ்சம் ஊற்றினாள், கொஞ்சம் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். வேலியைத் தாண்டினாள்.

எலிசேயோ வழிகாட்ட வந்தான், நானும் போனேன். தைரியத்தால் போகவில்லை. அவள் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் மாட்டுக்காரர்களின் கடைசிக் குடிசைவரை போய், விடிந்ததும் மறுபடி நடந்தோம். மேலே போகப் போக மரம் நின்றுபோனது, பிறகு புதரும் நின்றுபோனது. இடுப்பளவு ஈரப்புல், அதற்கடியில் பஞ்சுமாதிரி சேறு. கால் வைத்தால் பூமி ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் காலைத் திருப்பிக் கொடுக்கும். என் முன்னால் நடக்கிற கழுதையின் வால் தெரிந்தது, கழுதை தெரியவில்லை. வாயைத் திறக்காமல் நடங்கள் என்று எலிசேயோ சைகை காட்டினான். சத்தம் போட்டால் மலை கோபித்துக்கொண்டு மழையைக் கொட்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததே அன்றைய முதல் அதிசயம்.

முகட்டுக்கு வந்ததும் எலிசேயோ நின்றான். "இங்கதான். இந்தப் பக்கம் கல்லு. அந்தப் பக்கம் கீழ ஏரி. நடுவுல எங்க தரை முடியுதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. பாத்து."

அத்தை அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்டாள். புல்லிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு, எங்கோ, ஓர் இருமல். மனித இருமல். ஒரே ஒரு தடவை, அதையும் யாரோ பாதியில் வாயைப் பொத்தி நிறுத்தியதுபோல.

மாமாவாக இருந்தால் பக்கத்தில்தான் இருக்கிறார், நாம் வந்தது தெரிந்தும் பயந்து ஒளிகிறார். மாமாவாக இல்லாவிட்டால், அதை நினைக்க நான் விரும்பவில்லை.

அத்தை கூப்பிட்டாள். வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. "அப்தோன். ராசா. நான்தான் வந்திருக்கேன். வாய்யா, வீட்டுக்குப் போலாம்." பயத்தில் அவள் குரல் தேன்மாதிரி ஆகிவிட்டிருந்தது. அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது.

பதில் இல்லை. இருமலும் மறுபடி வரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள், இன்னும் இனிப்பாக. மறுபடி ஒன்றுமில்லை. எலிசேயோ கொம்பை எடுத்தான், அத்தை அவன் கையில் அடித்தாள். குளிரில் அவள் பல் தந்தியடித்தது. மாமா மேலே வந்து எத்தனை நேரமாகிறது, இந்த ஈரத்தில் ஒரு மனிதன் இன்னும் எவ்வளவு தாங்குவான் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

என்னால் முடியவில்லை. அவள் போன்ச்சோவைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தே, வீட்ல மாமாவ இப்படியா கூப்பிடுவே? ராசாவாம். எனக்கே நீ மலை மாதிரிதான் இருக்கே."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பனியைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ் சோம்பேறி. தாடிய மழிச்சுட்டு முடிய எல்லாம் தொட்டிலயே விட்டுட்டு வந்தியே, உங்கப்பனா வந்து கழுவுவான்? கூரை ஒழுகுது ஒழுகுதுன்னு மழைக்காலம் பூரா சொன்னேன், கீழ வாளிய வச்சுட்டு இப்ப ஒழுகலேல்லன்னே. ஒரு பன்னியக் கட்டத் தெரியுமாய்யா உனக்கு? ஊரே சேந்து தொரத்திப் பிடிச்சுதே, நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போனேன் தெரியுமா?"

மழை வரும் என்று எலிசேயோ தலையைத் தாழ்த்திக்கொண்டான். அத்தை நிறுத்தவில்லை. கல்யாணத்திலிருந்து தொடங்கி வரிசையாக வந்தாள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல். "ஏர்லிண்டா," என்றது. "கண்ணு. கிட்ட வா, ஏர்லிண்டா."

அத்தையின் வாய் அப்படியே நின்றுவிட்டது. ஓரடி பின்னால் வந்து என்மேல் மோதினாள்.

"அது அவரு இல்ல," என்றாள் காற்றுமாதிரி. "கல்யாணத்தன்னைக்குக்கூட அவரு என்னக் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. அது என் பேரச் சொல்லுது."

எலிசேயோ சிலுவை போட்டுக்கொண்டான். அத்தையின் அப்பாவைக் கூப்பிட்டதும் இதே ஏரிப் பக்கம்தான். இதே வார்த்தைதான்.

குரல் இன்னொரு தடவை வந்தது. அழுவதுபோல இருந்தது.

போய்விடலாம் என்று நான் சொல்ல நினைத்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. பனியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"நீ அவருன்னா சொல்லு. என் சூப் எப்படி இருக்கும்?"

பிறகு:

"தண்ணியா இருக்கும். கிழங்கெல்லாம் டாக்டர்மாருக்குப் போயிரும். எனக்குக் கிழங்கு கழுவின தண்ணிதான் வரும்."

அத்தை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அவருதான்டி," என்றாள்.

"இரு," என்றது குரல். "நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தன வருஷமா நீ திட்டினத மலையும் கேட்டுட்டுத்தானே இருந்திருக்கும். உன்கூட யாரு?"

"தமரீஸ் இருக்கா," என்று என் பெயரைச் சொன்னாள்.

"அந்தக் குட்டிச்சாத்தானா? ஏதாவது கேக்கச் சொல்லு."

நான் கேட்டேன். "மாமா, உங்க பொய்ப்பல்ல சர்க்கர டப்பாக்குள்ள போட்டது யாரு?"

"நீதான்டி, திருட்டு நாயே," என்று சொல்லிவிட்டு மாமா தேம்பினார். "காலு போச்சு. சீக்கிரம் வாங்க."

கயிற்றை அத்தையின் இடுப்பில் கட்டினோம். எலிசேயோ நான் போகிறேன் என்றான். "உன் குரலுக்கு அவரு பேச மாட்டாரு," என்று சொல்லிவிட்டு அவள் நாலு காலில் தவழ்ந்தாள். பனியில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, ஒரு தடவை வலது பக்கம் கேட்கும், மறுதடவை தலைக்குமேல் கேட்கும். குரலை நம்பிப் போனவர்தான் அவள் அப்பா. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே போனாள்.

"யோவ், பேசிட்டே இரு. நிறுத்தினே, நானே கொன்னுருவேன்."

"என்னத்தப் பேச?"

"அந்தப் பன்னி ஏன் ஓடுச்சுன்னு சொல்லு."

"கயிறு நீ வாங்கினது. இத்துப்போன கயிறு."

"நான் வாங்கினதா?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே அத்தை பனிக்குள் மறைந்தாள். எங்கள் கையில் கயிறு மட்டும் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கயிறு நின்றது. "இங்க தரை இல்ல," என்றாள் அத்தை. ஒரு மண்கட்டியைத் தள்ளிவிட்டாள் போல. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. பிறகு, "இங்க இருக்காரு. கீழ ஒரு திண்டுல இருக்காரு. கயித்துல கட்டிட்டேன். இழுங்க."

மேலே வந்தபோது மாமா சாம்பல் நிறத்தில் இருந்தார். ஒரு கால் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வலது காதுக்குள் பாசியை உருட்டி அடைத்திருந்தார். நாங்கள் கூப்பிட்டது கேட்காமல் இருப்பதற்காக. இடது காதில் அடைத்தது விழுந்துவிட்டதாம், விழாமல் இருந்திருந்தால் என்று நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. மடியில் டாக்டரின் டிடெக்டரைக் கட்டிப் பிடித்திருந்தார். சத்தம் வெளியே கேட்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தும், அது மெலிதாகக் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது.

"இந்தத் திண்டுக்கு அடியில என்னமோ இருக்கு," என்றார். "விழுந்ததுல இருந்து கத்துது."

எலிசேயோவின் கண் ஒரு நொடி பளபளத்தது. அத்தை அதை வாங்கித் திருகி அணைத்தாள். "இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

மாமாவைக் கழுதைமேல் ஏற்றிக் கட்டினோம். எலிசேயோ கடிவாளத்தைப் பிடித்தான். நடக்கத் தொடங்கினோம்.

அப்போது பின்னாலிருந்து, ஏரிப் பக்கமிருந்து, "ஏர்லிண்டா," என்று கேட்டது.

ஆண் குரல். மெதுவாக, அன்பாக. மாமா எங்கள் கண்முன்னால் கழுதைமேல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். எலிசேயோ என் முகத்தைப் பார்த்தான். இந்த ஊரில் எந்த விஷமம் நடந்தாலும் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அத்தை நின்றாள். திரும்பவில்லை. அவள் உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்தக் கை ஐஸாக இருந்தது. மறுபடி கூப்பிட்டது.

"அடுப்புல சூப் தீஞ்சுபோயிருக்கும்," என்றாள் அத்தை என்னிடம். "நட."

வேலிக்கு இந்தப் பக்கம் வரும்வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

மாமாவின் கால் கூடிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடக்கிறார். மலைக்குப் போவதில்லை, கடையில் கிழங்கு கழுவுகிறார், சூப்பில் குறை சொல்கிறார். அத்தை இப்போது மலைக்குப் போகிறவர்களிடம் அம்மா இருக்கிறார்களா என்று கேட்பதில்லை. "உங்க வீட்ல உங்கள எப்படித் திட்டுவாங்க? ஒண்ணு சொல்லிட்டுப் போங்க," என்கிறாள். சில பேர் சிரிக்கிறார்கள். சில பேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதோடு சொல்கிறார்கள். நம்ப மாட்டீர்கள், பெரிய பெரிய மனிதர்களையெல்லாம் வீட்டில் என்னவெல்லாம் சொல்கிறார்கள். டாக்டர் தன் டிடெக்டரை வாங்க வந்தபோது, மாமாவின் நடையைப் பார்த்துவிட்டு, அதை அத்தையே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது இப்போது கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டு.

போன வாரம் பனி இறங்கிய ஒரு மத்தியானம் நானும் அத்தையும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அவள் கத்தியை நிறுத்தினாள்.

"எங்கப்பா என்னத் திட்டினதே இல்லடி. ஒரு தடவகூட இல்ல," என்றாள். "அதனால அன்னைக்குக் கூப்பிட்டது அவரா, இல்லையான்னு தெரிஞ்சுக்க எனக்கு வழியே இல்ல."

எனக்கு ஒரு கிண்டல் தயாராக வந்தது. அதை விழுங்கிவிட்டேன். "நான் தொலைஞ்சா என்ன சொல்லித் திட்டுவே?" என்று கேட்டேன்.

"தொலைஞ்சா தெரியும்," என்றாள். "நெறைய வச்சிருக்கேன்."

வெளியே பனி வேலியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. கோழிகள் சத்தமில்லாமல் கூண்டுக்குப் போயின. அத்தை கூண்டுக்குத் தாழ் போட எழுந்தாள். அதற்குள் நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.